ஹாலோ ஆன்வில் கச்சேரியில் விளக்கு அணைந்தபோது என் அண்ணன் எங்கே இருந்தான்

போர்ட் ஆன்ஸ்கர், விஸ்கான்சின்
அக்டோபர் 9, புதன்கிழமை

போர்ட் ஆன்ஸ்கர் கூரியர் பத்திரிகையின் ஆசிரியர் திருமதி பெவர்லி நீமன் அவர்களின் மேலான பார்வைக்கு,

மதிப்பும் வணக்கமும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், போன மாதம் படியில் வழுக்கி விழுந்த தங்கள் விளையாட்டுப் பகுதி நிருபரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைத் தங்களுக்கு நினைவிருக்கும். இதற்கு முன் பதினொரு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டை வெளியிட்டீர்கள், அதில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தீர்கள். நூலகத்துக்கு வெளியே இருக்கும் மிதிவண்டி நிறுத்தம் பற்றிய கடிதம் அது. வெட்டிய பாதியில்தான் விஷயமே இருந்தது. அதைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. மாவட்ட நூலகத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பிரிவுத் தலைவர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது, வேறொருவருக்குப் போனது. அதையும் இப்போது பேசப் போவதில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது என் தொழில் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

நம் ஊரின் பழைய பனி ஹாக்கி அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதால் வாசகர்களிடம் ஞாபகங்கள் கேட்டிருந்தீர்கள். அதில் சிறந்தது என்று ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது என் அண்ணன் ஆர்லன் ஹால்வர்சன் எழுதியது. 1985 மார்ச் 12 அன்று அந்த அரங்கத்தில் நடந்த ஹாலோ ஆன்வில் குழுவின் ராக் கச்சேரியைப் பற்றியது. கச்சேரி முடிந்து, குழு உள்ளே போய், கூட்டம் கூப்பிட்டுத் திரும்ப மேடைக்கு வந்தபோது மின்சாரம் போன கதை ஊருக்கே தெரியும். ஆர்லன் இப்படி எழுதியிருக்கிறான்: “விளக்குகள் அணைந்தன. ஆறாயிரம் பேரும் மூச்சை அடக்கினோம். பிறகு மைக் இல்லாமலே அந்தப் பாடகன் முதல் வரியைத் தொடங்கினான். இரண்டாம் வரியில் அரங்கமே பாடியது. எனக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.”

நல்ல வரிகள்தான், மறுக்கவில்லை. படகு மோட்டார் பழுது பார்க்கிற ஒருவன் இவ்வளவு எழுதுவது ஆச்சரியம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இதை வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு அரங்கத்தின் பிரியாவிடைக் கூட்டத்தில், ஊரார் முன்னால், ஒலிபெருக்கியில் அவனே படிக்கப் போகிறான் என்று போட்டிருக்கிறீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மையாரே, விளக்கு அணைந்தபோது என் அண்ணன் அந்த அரங்கத்துக்குள் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் பக்கத்தில் இருந்தது நான். நாங்கள் இருவரும் வெளியே, மேற்குப் பக்க வண்டி நிறுத்தத்தில், யாரோ ஒருவருடைய காரின் பின்பக்கத்துப் பனியைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இது புரிய வேண்டுமானால் எங்கள் அப்பா மெல்வின் ஹால்வர்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது, வண்டி நிறுத்தத்திலிருந்து முதல் ஆளாக வெளியே வருவது. ஹாக்கி ஆட்டம் என்றால் ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே எழுந்துவிடுவோம். இரண்டு முறை மாநில இறுதிப் போட்டியில் யார் ஜெயித்தது என்பதை வழியில் வானொலியில்தான் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் எங்கள் குடும்பம் மட்டும் பக்கவாட்டுக் கதவை நோக்கி நகரும். பாதிரியார் அந்தத் திசையில் தனியாக ஓர் ஆசீர்வாதம் அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். சுதந்திர தின வாணவேடிக்கையின் கடைசிக் கட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது என் முப்பத்தோராம் வயதில். என் அத்தையின் அடக்கத்தில் பெட்டியை இறக்குவதற்குள் நாங்கள் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டோம். அத்தை அவருக்குக் கூடப் பிறந்தவள்.

அந்த மார்ச் மாதம் ஆர்லனுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினான்கு. ஹாலோ ஆன்வில் நம் ஊருக்கு வருகிறது என்ற செய்தி வந்ததும், அண்ணன் கூட வந்தால் போகலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா வாசலில் நின்று கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்பது போல ஆட்டிக்கொண்டே உபதேசம் செய்தார்.

“கடைசிப் பாட்டு முடியறதுக்கு முந்தியே கிளம்பிடணும்டா ஆர்லன். கூட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.”

“எது கடைசிப் பாட்டுன்னு எப்படிப்பா தெரியும்?”

“அது என்னடா பெரிய கஷ்டம்? எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நின்னா அதான் கடைசி.”

சர்ச்சில் அப்படித்தான். ராக் கச்சேரியில் என்ன ஆகும் என்று அப்பாவுக்கும் தெரியாது, ஆர்லனுக்கும் தெரியாது. முதல் தாளம் விழுந்ததுமே ஆறாயிரம் பேரும் எழுந்தார்கள். எனக்கு அந்தத் தாளம் காதில் விழவில்லை, விலாவுக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுவது போல இருந்தது. மூன்று மாதமாக அவர்களுடைய ஒலிநாடாவை அது தேய்ந்து போகும்வரை கேட்டிருந்தேன், ஆனாலும் இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக நான் இருக்கிற இடத்தில் முழுதாக இருந்தேன். அப்போது ஆர்லன் என் தோளைத் தட்டினான்.

“டேய், எல்லாரும் எழுந்துட்டாங்கடா.”

“இது முதல் பாட்டுண்ணா!”

“அப்பா சொன்னது ஞாபகம் இல்ல?”

“அண்ணா, நாம வந்து நாலு நிமிஷந்தான் ஆகுது!”

அவன் உட்காரவில்லை, நிற்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரமும் கோட்டை மாட்டிக்கொண்டு, பாதி குனிந்து, வெளியேறும் வழி என்று சிவப்பில் எரிந்த பலகையைப் பார்த்தபடியே இருந்தான். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் “இதானே கடைசி?” என்று கேட்டான். மெதுவான பாட்டு ஒன்றுக்குக் கூட்டம் கொஞ்சம் உட்கார்ந்தபோது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் குழுவினர் கை அசைத்துவிட்டு உள்ளே போனார்கள். கூட்டம் தரையை உதைத்துக் கத்தியது. ஆர்லன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“திரும்பி வருவாங்கண்ணா. எல்லா ஊர்லயும் வருவாங்க. பெரிய பாட்டை இன்னும் பாடவே இல்ல!”

“திரும்பி வர்றதா இருந்தா எதுக்குடா போறாங்க? மரியாதை தெரிஞ்சவன் சொல்லிட்டுப் போவான், போனா போனதுதான். வா, வா, கதவு காலியா இருக்கு.”

கதவு காலியாகத்தான் இருந்தது. அந்தக் கதவு வழியாக அன்று வெளியே வந்த மனிதர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஹால்வர்சன்கள்.

வெளியே வந்து பார்த்தால், நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் நான்கு அங்குலம் பனி பெய்திருந்தது. வண்டி நிறுத்தத்தில் கார்களே இல்லை, வரிசை வரிசையாக வெள்ளை மேடுகள்தான் இருந்தன. நாங்கள் முதல் மேட்டின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஓர் அணில் அரங்கத்தின் மின்மாற்றிக்குள் புகுந்து தன் உயிரை விட்டது. அது அணில் என்பது மறுநாள் தங்கள் பத்திரிகையில் வந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீல வெளிச்சம், ஒரு சத்தம், பிறகு வண்டி நிறுத்தத்தின் அத்தனை விளக்குகளும் அணைந்தது மட்டும்தான். சுவர் வழியாக வந்துகொண்டிருந்த அதிர்வும் நின்றது. ஆர்லன் இருட்டில் வெற்றியோடு என் பக்கம் திரும்பினான்.

“பாத்தியா? முடிஞ்சிடுச்சு. விளக்கையே அணைச்சுட்டாங்க. இன்னும் அஞ்சு நிமிஷத்துல மொத்தக் கூட்டமும் வந்துடும், வண்டியத் தேடு.”

எங்களுடையது பழுப்பு நிற ஸ்டேஷன் வேகன் கார். பழுப்பு என்பதை இருட்டில், பனிக்கடியில் கண்டுபிடிப்பது எப்படி என்று அப்பா சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு மேடாகப் போய்ப் பின்பக்கத்தைக் கையால் துடைத்து எண் பலகையைத் தடவிப் பார்த்தோம். அன்று முப்பது நாற்பது குடும்பங்களின் காருக்கு நாங்கள் இலவசமாகப் பனி துடைத்தோம். அதில் ஒருவர்கூட இன்றுவரை நன்றி சொல்லவில்லை. நடுவில் கைவிளக்கோடு ஒரு பெண் எதிரே வந்தாள். குழுவின் படம் போட்ட சட்டைகளை, குழுவுக்குத் தெரியாமல் அச்சடித்து, வண்டி நிறுத்தத்தில் நின்று விற்பவள். இரண்டு பெட்டி நிறையச் சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா, உள்ள என்ன ஆச்சு? முடிஞ்சுதா, இல்லையா?”

“முடிஞ்சாச்சுக்கா,” என்றான் ஆர்லன்.

“நிச்சயமா? யாரையும் காணோமே.”

“நாங்கதான் முதல்ல வந்தோம். நாங்க எப்பவும் முதல்லதான் வருவோம்.”

அவன் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு அவள் பெட்டிகளைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். அரை மணி கழித்து ஆறாயிரம் பேர் கண்ணீரும் கம்பலையுமாக, வாழ்நாள் ஞாபகத்துக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று தவித்துக்கொண்டு வெளியே வந்தபோது விற்பதற்கு அங்கே ஆளே இல்லை. ஒரு மனிதனின் பேச்சால் ஒரு பெண்ணின் பிழைப்பு எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவள் வேனின் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. அப்போதுதான் அது கேட்டது. இசைக் கருவி எதுவும் இல்லாமல் நிறையக் குரல்கள், ரொம்பத் தூரத்தில், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல. நான் ஒரு காரின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றேன்.

“என்னண்ணா அது?”

ஆர்லனும் காது கொடுத்தான். “எதிர்ல லூத்தரன் சர்ச்சு இருக்குல்ல. பாட்டுப் பயிற்சியா இருக்கும்.”

“செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கா?”

“ஈஸ்டர் வருதில்ல.”

சொல்லிவிட்டு அவனும் நகரவில்லை. தலையில் பனி விழ விழ இரண்டு பேரும் நின்று கேட்டோம். எந்தப் பாட்டு என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக நான் கேட்டதே இல்லை. அழகாக இருந்தது, அம்மையாரே. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் கிடைத்தபோது கூட்டமும் வெளியே வந்துவிட்டது. எங்கள் கார் வேலியோரம், கடைசி வரிசையில் இருந்தது. ஆறாயிரம் பேரையும் முன்னால் விட்டுவிட்டு, ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து, அந்த வண்டி நிறுத்தத்திலிருந்து கடைசியாக வெளியே வந்த கார் எங்களுடையது. வீட்டில் அப்பா நாற்காலியில் விழித்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“எத்தனாவது வண்டிடா?”

“முதல் வண்டிப்பா,” என்றான் ஆர்லன்.

“சபாஷ்,” என்று சொல்லிவிட்டு அப்பா தூங்கப் போனார். இவ்வளவு நேரம் ஏன் ஆனது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. படியேறும்போது ஆர்லன் என் காதில் சொன்னான்: “நாளைக்கு ஸ்கூல்ல யாராவது கேட்டா, ‘பயங்கர இருட்டா இருந்துச்சு’ன்னு மட்டும் சொல்லு. அது பொய் இல்ல.” மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பேச்சுதான். போகாதவர்கள்கூடப் போனதாகச் சொன்னார்கள். போன நான், இருட்டாக இருந்தது என்றேன். முப்பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை நான் தாண்டியதில்லை. என் வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சிக்கு வாசல்வரை போய்த் திரும்பியவன் என்பதை நேர்மையாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தவனோ முதல் பக்கத்தில் தாடிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்.

அப்பாவின் படகு அவனுக்குப் போனது, நான் வாய் திறக்கவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று எல்லோரும் அவன் தோளில்தான் சாய்ந்து அழுதார்கள், என்னிடம் வந்து கழிவறை எங்கே என்று கேட்டார்கள். அதற்கும் பேசவில்லை. ஊரில் “ஹால்வர்சன் சகோதரர்களில் நல்லவன்” என்றால் விளக்கம் கேட்காமலே அவனைத்தான் நினைக்கிறார்கள். இத்தனையும் போகட்டும். ஆனால் அந்தப் பாட்டை அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைப் பதிப்பில் திருத்தம் வெளியிட்டு, சனிக்கிழமை அவன் படிப்பதை நிறுத்தும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் குறைக்காமல் வெளியிட்டால் நல்லது.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நல்ல உடல்நலமும், வரும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கப் பழுதாகாத கொதிகலனும் அமைய வாழ்த்துகிறேன். விளையாட்டு நிருபருக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
கர்டிஸ் ஹால்வர்சன்

பி.கு.: வியாழன் காலை. தபால்தலை ஒட்டுவதற்காகக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி டாரீன் காப்பி குடித்துக்கொண்டே முழுவதையும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைத் தேடி எடுத்து அதையும் படித்தாள். அவள் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. நான்தான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

“இதை யாரு எழுதினது?” என்றாள்.

“ஆர்லன். பேர் போட்டிருக்குல்ல.”

“அப்ப இந்தத் தாடிக்காரர் நம்ம தாடிக்காரர் இல்லையா?”

நான் தபால்தலையைக் கீழே வைத்தேன். அம்மையாரே, ஒரு வாக்கியத்தைத் தாண்டியதில்லை என்று மேலே எழுதியதில் சிறு திருத்தம் உண்டு. 1995இல் ஏரிக்கரை உணவகத்தில் டாரீனை முதல் முறை சந்தித்தபோது, இருட்டாக இருந்தது என்று சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்று கேட்டாள். என்னை யாரும் அதற்குமுன் அப்புறம் என்று கேட்டதில்லை. தாடிக்காரர் அன்றைக்குத்தான் பிறந்தார். பிறகு இருபத்தொன்பது வருடமாக, பிள்ளைகளிடம், பக்கத்து வீட்டாரிடம், நூலகத்தின் கிறிஸ்துமஸ் விருந்துகளில் அவர் என் கையைப் பிடித்து அழுதுகொண்டேயிருக்கிறார். இத்தனை தடவை சொன்ன பிறகு அதைப் பொய் என்ற கணக்கில் நான் வைக்கவே இல்லை. மற்றவர்கள் சொல்வதைத்தான் சரிபார்ப்பது என் வழக்கம்.

“நம்ம கல்யாண விருந்துல நீங்க இதைச் சொன்னீங்க,” என்றாள் டாரீன். “எங்கப்பா நம்பல. நேரா ஆர்லன்கிட்ட போய், ‘ஏம்ப்பா, உன் தம்பி சொல்றது நெசமா, புளுகா?’ன்னு கேட்டாரு. ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. ஆர்லன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, என் மாமனாரை நேராகப் பார்த்து, “நெசந்தான் சார். நான் பக்கத்துலயேதான் நின்னேன். தாடிக்காரர் என்ன, நானே அழுதேன்,” என்றான். அதுவரை அவனுக்கு அப்படி ஒரு கதை இருப்பதே தெரியாது. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கண்ணடித்ததற்காக அதையும் அவன்மேல் உள்ள குறைகளோடு சேர்த்து வைத்திருந்தேன்.

“அவர் திங்கட்கிழமை போன் பண்ணாருங்க,” என்றாள் டாரீன். “உங்க மூஞ்சி சரியில்லாததால சொல்லல. சனிக்கிழமை உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மேடையில பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்களாம். ‘எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தெரியாதும்மா, தாடிக்காரருக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும்’னாரு.”

ஆகவே இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம். ஓர் ஆவணத்தைக் கிழித்துப் போட என் தொழில் இடம் கொடுக்காததால் அனுப்பி வைக்கிறேன். தாங்கள் படித்துவிட்டு உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். சனிக்கிழமை மேடையில் ஆர்லனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லவும். மீதி எட்டு நிமிடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.